ஃபியட் 500 எஃப்: ஹிஸ்டாரிக் சர்க்யூட் ரேஸுக்குத் தயார் செய்ய எதை முதலில் தொடுவது?

நத்தைக்கார்

கார்: 1968 ஃபியட் 500 எஃப். பாடி சுத்தம், 499.5 சிசி இன்ஜின் முழுசாக இருக்கிறது, கொஞ்சம் புகை. இலக்கு: வராணோ, மஜியோனே மாதிரி இத்தாலியின் சின்ன சர்க்யூட்டுகளில் ஹிஸ்டாரிக் ரேஸ். 20 நிமிடம் விடாமல் 7000 ஆர்பிஎம் வரை இழுக்கணும்.

மனசில் உள்ள பட்டியல்: ஃபியட் 126ன் 652 சிசி இன்ஜின், அதன் மேல் ஃபியட் பாண்டா 30 ஹெட், வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர், 126ன் சிங்க்ரோமெஷ் கியர்பாக்ஸ், முன்னால் டிஸ்க் பிரேக். எந்த வரிசையில் வாங்கலாம்? எங்கே காசு வீணாகும்?

ஸ்க்ரூட்டினி

எதையும் வாங்காதீர்கள். முதலில் காகிதம்.

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் ஹிஸ்டாரிக் விதித் தொகுப்பு ‘அப்பெண்டிக்ஸ் கே’ படி 1966 முதல் 1969 வரை ஜி1 காலம். 1970, 71 ஜி2. அதற்கு முந்தைய 1962–65 எஃப். உங்கள் கார் ஜி1. இப்போது பட்டியலைப் பாருங்கள். 126 வந்ததே 1972ல். அதன் 652 சிசி 1977ல். பாண்டா 1980ல். தாத்தா கல்யாண ஆல்பத்தில் பேரன் நிற்பது மாதிரிதான், பரிசோதனை மேஜைக்கு வந்த உடனே தெரிந்துவிடும்.

அந்தக் காரின் ஹோமோலகேஷன் படிவத்தை (அந்த மாடலைப் போட்டிக்கு அங்கீகரித்த ஆவணம்) வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். போர் (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), வால்வு அளவு, கார்புரேட்டர், கியர் விகிதங்கள், கடைசி கியர் (டிஃபரன்ஷியல் விகிதம்), பிரேக் வகை, ரிம் அகலம் எல்லாம் அதில் இருக்கும். அதில் இல்லாததைப் போட வேண்டுமானால், அந்த வருடங்களில் சர்வதேசப் போட்டியில் அதே மாடலில் அது இருந்தது என்று ஆதாரம் காட்டணும். “அப்ப எல்லாரும் போட்டாங்க” என்பது ஆதாரம் ஆகாது. சர்வதேசப் போட்டி என்றால் ஹெச்டிபி எனும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் வேண்டும், அது 10 வருடம் செல்லும். கார் அதில் எழுதியபடியே இருந்தாகணும். இத்தாலியில் இதற்கெல்லாம் பொறுப்பு ஏசிஐ ஸ்போர்ட் எனும் மோட்டார் பந்தய அமைப்பு.

கிளப் அளவிலான போட்டிகளில் விதி தளர்வாக இருக்கலாம். எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் பாகம் வாங்கினால் ஒரே இன்ஜினை இரண்டு தடவை கட்ட வேண்டி வரும்.

நத்தைக்கார்

புரிந்தது. காலத்துக்குள் நிற்பதே நோக்கம். அப்படியானால் ஃபியட் கார்களை ரேஸுக்கு மாற்றிய அபார்த் நிறுவனத்தின் வழிதானே? 595ஆ, 695ஆ?

கிராங்க்கேஸ்

இரண்டும் ஒரே இன்ஜினின் பெரிய, இன்னும் பெரிய வடிவம் என்று நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது.

அசல் 67.4 × 70, 499.5 சிசி. அபார்த் 1963ல் கொண்டுவந்த 595ல் போர் 73.5, ஸ்ட்ரோக் அதே 70. 27 குதிரைத்திறன், எஸ்எஸ் எனும் வேக வடிவில் 32. 1964ல் வந்த 695ல் 76 × 76, 689.5 சிசி, எஸ்எஸ் 38. 600, 700 சிசி வகுப்பு வரம்புகளுக்குள் எவ்வளவு நிரப்ப முடியுமோ அவ்வளவு. 695க்கு ஸ்ட்ரோக்கே மாறுகிறது, அதாவது கிராங்க் ஷாஃப்ட்டே வேறு. 595க்கு உங்கள் கிராங்க் போதும், அது நல்ல நிலையில் இருந்தால்.

7000ல் பிஸ்டனின் சராசரி வேகம் 70 ஸ்ட்ரோக்கில் நொடிக்கு 16.3 மீட்டர், 76ல் 17.7. எண் பயமுறுத்தாது. பயமுறுத்த வேண்டியது வேறு. இது 360 டிகிரி ட்வின். இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒரு பிஸ்டன், ரிங், பின், கனெக்டிங் ராடின் மேல்பாதி எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7000 ஆர்பிஎம்மில் இரண்டும் சேர்ந்து டாப்பில் (பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது) இழுக்கும் விசை 15 கிலோநியூட்டனுக்கு மேல், அதாவது ஒன்றரை டன்னுக்கும் மேல். இதைத் தாங்குவது எத்தனை மெயின் பேரிங்? இரண்டே இரண்டு. இரு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால் கிராங்க் வில் மாதிரி வளைகிறது. விரிசல் விழுவது ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதி) வெப்போடு (பக்கத்துக் கை) சேரும் மூலையில். அசல் வார்ப்புக் கிராங்கை 6500க்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. 7000 வேண்டும் என்றால் ஸ்டீல் கிராங்க், படிவம் அனுமதித்தால். அனுமதிக்காவிட்டால் 6500தான் உங்கள் வரம்பு.

வார்ப்புக் கிராங்கோடு போகிறீர்கள் என்றால்: மேக்னடிக் கிராக் டெஸ்ட் கட்டாயம். கிரைண்ட் செய்பவரிடம் மூலை ஆரத்தைக் குறைக்கக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். கூர்மையான மூலையோடு திரும்பி வந்த கிராங்க் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உயிர் மட்டும் இருக்காது. பிஸ்டன் ஜோடி ஒரு கிராமுக்குள், கனெக்டிங் ராடு இரண்டும் பெரிய முனை, சின்ன முனை தனித்தனியாக எடை பார்த்து ஒரு கிராமுக்குள். சுழலும் எடை முழுசும், ஏறி இறங்கும் எடையில் பாதி அளவும் எதிரெடையில் வரும்படி பேலன்ஸ். மீதிப் பாதி அதிர்வாக வெளியே வரத்தான் செய்யும். அதை ஒழிக்க முடியாது, பக்கவாட்டுக்குத் திருப்பிவிடலாம், அவ்வளவுதான்.

பட்டறைக்காரர்

கிராங்க்கேஸ் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க தம்பி. அதிர்வு இருக்குதுன்னு இன்ஜின் பின்பக்கம் தொங்குற ஸ்பிரிங் மவுண்ட்டை எடுத்துட்டு இறுக்கமா போல்ட் போட்டுடாதீங்க. அப்புறம் பின் குறுக்குச் சட்டம் கிழியும், சைலன்சர் பிராக்கெட் கிழியும், கார்புரேட்டர் மிதவைக் கிண்ணத்துல பெட்ரோல் நுரைக்கும். நுரை வந்தா மேல் ஆர்பிஎம்ல பெட்ரோல்-காத்துக் கலவை மெலியும். உடனே எல்லாரும் மெயின் ஜெட்டைப் பெரிசாக்குவாங்க. கீழ் ஆர்பிஎம்ல கறுப்புப் புகை, மேல அதே திக்கல். கோளாறு ஜெட்ல இல்ல, ஆட்டத்துல. கொஞ்சம் கடினமான ஸ்பிரிங், கார்புரேட்டருக்கு அடியில கனமான இன்சுலேட்டர் பிளாக், பெட்ரோல் பைப்புக்கு வளையுற தொடர்பு. இது போதும்.

பலெர்மோ_தம்பி

கிராங்க் பற்றிச் சொன்னது சரி. ஆனா உந்த இன்ஜினைக் கொல்லுறது முதல்ல வெக்கை எண்டு நான் சொல்லுவன். காத்துப் போற வழியை ஒழுங்காப் பாருங்கோ.

பின் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற துவாரங்களால காத்து உள்ள வந்து, ஒரு றப்பர் மடிப்புக் குழாய் வழியா ஃபேன் கூட்டுக்குப் போகுது. அந்தக் குழாய் கிழிஞ்சிருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ ஃபேன் இழுக்கிறது இன்ஜின் அறைக்குள்ள இருக்கிற சுட்ட காத்து. வெளியில பாக்க ஒண்டும் தெரியாது. மூண்டாம் சுற்றில ஹெட் வெக்கை ஏறிக்கொண்டே போகும். புதுக்குழாய் போடுங்கோ, காசு பெரிசில்லை. தகரக் கவசங்களில ஒண்டும் குறையக் கூடாது, ஒரு திருகாணி ஓட்டை திறந்திருந்தாலும் அடையுங்கோ. தெர்மோஸ்டாட் கதவை முழுக்கத் திறந்த நிலையில பூட்டி விடுங்கோ. சிலிண்டர் செதில்களுக்கு இடையில வார்ப்பு மிச்சம் இருந்தா அரத்தால எடுங்கோ.

பிறகு பெல்ட். ஃபேன் இருக்கிறது டைனமோ தண்டில. ஒரே பெல்ட் போனா மின்சாரமும் போச்சு, குளிர்ச்சியும் போச்சு. சார்ஜ் விளக்கு எரிஞ்சால் உடனே இன்ஜினை நிப்பாட்ட வேணும், அந்தச் சுற்றை முடிப்பம் எண்டு நினைக்கக் கூடாது. இழுவையைச் சரிசெய்யிறது டைனமோ புல்லியின்ர இரண்டு பாதிக்கும் நடுவில உள்ள ஷிம்மாலே. பெல்ட் தளர்ந்தா ஒரு ஷிம்மை எடுத்து, அதைத் தொலைக்காமல் புல்லியின்ர வெளிப்பக்கம் அதே ஸ்டட்டில போடுங்கோ. நடுவில விரலால அழுத்தினா ஒரு சென்டிமீட்டர் அளவு போகோணும். அதைவிட இறுக்கினா டைனமோ பேரிங் போகும்.

நத்தைக்கார்

பின் மூடியைத் திறந்து முட்டுக்கொடுத்து ஓட்டுகிறார்களே, அபார்த் படங்களில் எல்லாம். அது ஃபேனுக்குக் காற்று கொடுக்கத்தானா?

பலெர்மோ_தம்பி

இல்லை. குழாய் ஒழுங்கா இருந்தா ஃபேனுக்கு மூடியோட ஒரு சம்பந்தமும் இல்லை. சம்ப் (இன்ஜினுக்குக் கீழ இருக்கிற ஆயில் தொட்டி), சைலன்சர், கார்புரேட்டர் சுத்தி நிக்கிற வெக்கை வெளியில போறதுக்குத்தான் அது. காத்தோட்டத்துக்கும் கொஞ்சம் நல்லது எண்டு சொல்லுவினம். ஆனா உங்கட காரில மூடியைத் திறந்த உடனே ஹெட் வெக்கை இறங்கினா சந்தோசப்படாதேங்கோ. குழாய் எங்கயோ ஒழுகுது எண்டுதான் அர்த்தம்.

ஸ்க்ரூட்டினி

மூடியை முட்டுக்கொடுப்பதற்கும் போட்டி விதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டுக்கம்பி தற்செயலாகக் கழலாதபடி இருக்கணும், ரப்பர் கொக்கி செல்லாது என்று பல பரிசோதகர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

கிராங்க்கேஸ்

ஆயில் பக்கம் யாரும் இன்னும் வரவில்லை.

இந்த இன்ஜினில் தனி ஃபில்டர் கிடையாது. கிராங்க் புல்லிக்குள் இருக்கும் மையவிலக்குக் கிண்ணம்தான் ஃபில்டர். ஆயில் அதன் வழியாகச் சுழன்றுதான் கிராங்குக்குள் போகிறது. கசடு சுவரில் ஒட்டும். பழைய இன்ஜின் என்றால் மூடியைக் கழற்றினால் கறுப்புக் களிமண் மாதிரி ஒரு வளையம் இருக்கும், மரக்குச்சியால் சுரண்டி எடுக்கணும். “எடை குறைகிறது” என்று இந்தப் புல்லியைத் தூக்கிவிட்டு மெலிந்த புல்லி போடுபவர்கள், வெளியே முழு ஓட்ட ஃபில்டர் வைக்காவிட்டால், வடிகட்டாத ஆயிலை நேராகப் பேரிங்குக்கு அனுப்புகிறார்கள்.

அசல் சம்ப்பில் ஏறத்தாழ 2 லிட்டர்தான். 20 நிமிட ரேஸில் அது டீ மாதிரி கொதிக்கும். அபார்த் பாணிச் செதில் வைத்த அலுமினிய ஆழச் சம்ப் இரண்டு வேலை செய்கிறது: அளவு கூடுகிறது, காற்றில் குளிர்கிறது. அதற்குள் தடுப்புத் தகடு இல்லையானால் வாங்காதீர்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும், ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றைக் குடிக்கும், பிரஷர் முள் ஆடும். அந்த ஆட்டம் இரண்டு நொடிதான், பேரிங்குக்கு அதுவே நிறைய. இன்னொன்று, ஆழச் சம்ப் தரைக்கு மிக அருகில். கார் இறக்கிய பிறகு கர்ப் (பாதையின் ஓரக் கட்டு) மேல் ஏறும்போது முதலில் அடிபடுவது அது. கீழே ஒரு சறுக்குத் தகடு போடுங்கள்.

டாஷ்போர்டில் உள்ள ஆயில் விளக்கு எரியும்போது சேதி பழசாகியிருக்கும். பிரஷர் கேஜ், ஆயில் டெம்பரேச்சர் கேஜ் இரண்டும் வேண்டும். சூடான இன்ஜினில் 2.5 முதல் 3 பார் இருக்கணும். மெயின் பேரிங் உட்காரும் தாங்கிகள் அலுமினியம் என்பதால் சூட்டில் இடைவெளி பெருகும், பிரஷர் இறங்கும். 120 டிகிரி தாண்டினால் வேகத்தைக் குறைக்கணும், 130ல் உள்ளே வரணும்.

மூச்சுக்குழாயை மறக்காதீர்கள். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக இறங்குவதால் கிராங்க்கேஸுக்குள் இருக்கும் காற்று ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜினின் முழுக் கொள்ளளவுக்கு அமுங்கி விரிகிறது. சாதாரண நாலு சிலிண்டரில் இது கிடையாது. அசல் மெல்லிய குழாயை விட்டால் ஆயில் எல்லா சீலிலும் வழியும், “சீல் மோசம்” என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெரிய குழாய், ஒருவழி வால்வு, வெளியே வரும் ஆயிலைப் பிடிக்க 2 லிட்டர் கேட்ச் டேங்க். 2000 சிசிக்கு உட்பட்ட காருக்குக் குறைந்தபட்சம் அந்த 2 லிட்டரை விதியும் கேட்கிறது.

பட்டறைக்காரர்

இப்ப மேல் பக்கம். 595 கிட் வாங்கும்போது இரண்டு சிலிண்டரோட உயரத்தை நீங்களே அளங்க. 0.02 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா உயரமான சிலிண்டர் ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கும், குட்டை சிலிண்டர்ல பேக்கிங் ஊதும். பேக்கிங்கை மாத்தி மாத்திப் பிரயோஜனம் இல்ல. உயரமானதை லேத்ல சீவுங்க.

கம்ப்ரஷன் கணக்கு இதுதான். 73.5 × 70ல ஒரு சிலிண்டர் 297 சிசி. 10க்கு 1 வேணும்னா மேல மிச்சம் இருக்க வேண்டிய இடம் 33 சிசி, அதுல ஹெட் அறை, பேக்கிங் தடிமன், பிஸ்டன் டாப்புல நிக்கிற பள்ளம் எல்லாம் சேர்த்தி. ப்யூரெட்டும் ஒரு அக்ரிலிக் தகடும் வச்சு அளக்கணும், கண்ணால இல்ல. அடி பேப்பர் பேக்கிங்ல அரை மி.மீ. குறைச்சாலே 2.1 சிசி போயிடும், 10 இருந்தது 10.6 ஆயிடும். காற்றுக் குளிர்ச்சி இன்ஜின்ல அந்த 0.6தான் பிஸ்டன் மேல ஓட்டை போடுறது. பங்க்ல கிடைக்கிற 98 ஆக்டேனுக்கு 10 போதும்.

பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல ஒரு மி.மீ. விடுங்க. கிராங்க் வளையுதுன்னு மேல சொன்னாங்கல்ல, அந்த வளைவுக்கான இடம் அது. ஈயக்கம்பியை பிஸ்டன் மேல ரெண்டு பக்கமும் ஒட்டி ஒரு சுத்து சுத்தி அளந்து பாருங்க.

ஹெட் நட்டு 33 நியூட்டன் மீட்டர், நடுவுலேர்ந்து வெளியே, மூணு படியா. முதல் சூட்டுக்கு அப்புறம் ராத்திரி முழுக்க ஆறவிட்டு மறுபடி இழுக்கணும். சூட்டுல இழுத்தா அலுமினியக் கேஸ்ல ஸ்டட் மரை பிடுங்கிட்டு வந்துடும். எப்படியும் பழைய கேஸ்னா கட்டுறதுக்கு முன்னாடியே எல்லா ஓட்டைக்கும் ஸ்டீல் மரைப்புழை போட்டுடறது புத்திசாலித்தனம். ஹெட்டைச் சீவினா புஷ்ராடு குழாய்களும் நீளம் சரிபார்க்கணும், அதிகமா அமுங்கினா ஒழுகும்.

நத்தைக்கார்

கேம் ஷாஃப்ட்? 40/80 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது.

கியர்_கணக்கு

கேமை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கியர்பாக்ஸ் தேர்ந்தெடுக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

அசல் விகிதங்கள் 3.70, 2.067, 1.30, 0.875. கடைசி கியர் 8/41, அதாவது 5.125. 12 அங்குல ரிம்மில் 145/70 டயரின் உருளும் சுற்றளவு பாரத்தில் சுமார் 1.55 மீட்டர் என்று எடுத்தால், 7000ல் கிடைக்கும் வேகம் முறையே 34, 61, 98, 145 கி.மீ. கடைசி கியரை 8/39 ஆக மாற்றினால் நான்காவதில் 153.

இப்போது இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றுங்கள்: 7000 விழுந்து 4400. மூன்றிலிருந்து நான்குக்கு: 4710. அந்த இடத்தில் இன்ஜின் இழுக்கணும். 40/80 என்றால் இன்டேக் வால்வு பிஸ்டன் உச்சிக்கு 40 டிகிரி முன்பே திறந்து, அடிக்கு 80 டிகிரி பின்னர் மூடும், மொத்தத் திறப்பு 300 டிகிரி. 5000க்குக் கீழே அது இருமிக்கொண்டு நிற்கும், நான்காவது கியர் போட்ட உடனே பள்ளத்தில் விழுவீர்கள். 35/75, 290 டிகிரி, 4500ல் பிடித்துக்கொள்ளும். அசல் கேம் 256 டிகிரி. நெருக்கமான கியர் செட் உங்கள் படிவத்தில் இருந்து, அதற்குப் பணமும் இருந்தால் 40/80 பற்றிப் பேசலாம்.

சின்ன சர்க்யூட்டில் 153 கி.மீ.யை எங்கேயும் தொட மாட்டீர்கள். 8/41ஐ விடுங்கள்.

126 கியர்பாக்ஸ் கேட்டீர்கள். விதி ஒருபுறம் இருக்கட்டும், ரேஸுக்கு சிங்க்ரோ எதற்கு? எஃப் பெட்டியில் 2, 3, 4 எல்லாம் டாக் இணைப்பு, அதாவது முனைகள் நேராகக் கோர்த்துக்கொள்ளும் வகை. பழகிய கைக்கு அதுதான் வேகமானது. கீழ் கியருக்கு வரும்போது டபுள் கிளட்ச், நடுவில் ஆக்சிலேட்டர் ஒரு தட்டு. டாக் முனைகள் உருண்டுவிட்டனவா என்று மட்டும் பாருங்கள். உருண்டிருந்தால் ஆக்சிலேட்டரை விட்ட உடனே கியர் தானாகத் துள்ளி வெளியே வரும்.

பாயிண்ட்_இடைவெளி

கார்புரேட்டருக்கு 40 டிசிஓஇ தேவையே இல்லை. 360 டிகிரி ட்வினில் உறிஞ்சும் துடிப்புகள் சம இடைவெளியில் வருகின்றன, ஒரே கார்புரேட்டர் இரண்டுக்கும் அழகாகப் பகிரும். எஸ்எஸ் வடிவங்களில் சோலெக்ஸ் 34 பிபிஐசி கார்புரேட்டர் இருந்தது. அதற்கு மேல் போனால் கீழே காற்று வேகம் செத்துவிடும்.

இக்னிஷன்தான் கவனிக்கப்படாத இடம். அசலில் நிலையான அட்வான்ஸ் 10, சென்ட்ரிஃபியூகல் 18, மொத்தம் 28 டிகிரி. கம்ப்ரஷன் 10 ஆனதும் அந்த 28ஐத் தாண்ட அவசரம் வேண்டாம். ஸ்ட்ரோப் விளக்கை 4000ல் வைத்து மொத்தத்தைப் பாருங்கள், ஐடிலில் பார்ப்பது வீண். இந்த இன்ஜினில் ஒரு வசதி உண்டு: இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் டாப்புக்கு வருவதால், புல்லியில் உள்ள ஒரே குறி இரண்டு சிலிண்டருக்கும் செல்லும். விளக்கின் கிளிப்பை முதல் வயரிலும் பிறகு இரண்டாவது வயரிலும் மாட்டுங்கள். குறி இடம் மாறினால் டிஸ்ட்ரிப்யூட்டர் புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது. 3 டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு சிலிண்டர் 28லும் மற்றது 31லும் வெடிக்கிறது. எப்போதும் ஒரே பக்கப் பிஸ்டன் உருகுவதற்குக் காரணம் பல சமயம் இதுவே, ஜெட் இல்லை.

பாயிண்ட் இடைவெளி 0.5 மி.மீ., 6500க்கு மேல் பாயிண்ட் துள்ளாமல் இருக்கக் கடினமான ஸ்பிரிங். பிளக் ஒரு படி குளிர்ந்தது. வைட்பேண்ட் லாம்டா சென்சார் வைத்துச் சோதனை ஓட்டத்தில் முழு திராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5 அளவு. பிளக்குக்கு அடியில் வளைய சென்சார், 200 டிகிரி தாண்டினால் யோசிக்கணும்.

பலெர்மோ_தம்பி

சோலெக்ஸ் போடேக்க மிதவை எந்தப் பக்கம் பாத்திருக்கெண்டும் பாருங்கோ. நீண்ட வலது வளைவில மட்டும் திக்கி, இடதில திக்காட்டி அது மிதவைதான்.

பட்டை_வில்

சஸ்பென்ஷன் பற்றி ஒரு வரி கூட வரவில்லை, நாலு பக்கம் இன்ஜின்!

முன்னால் குறுக்கே போகும் பட்டைதான் ஸ்பிரிங்கும், கீழ் ஆர்மும், பாதி ஆன்டி-ரோல் பாரும். இரண்டு இடத்தில் ரப்பர் மெத்தையோடு பிடித்திருப்பதால் கார் சாயும்போது நடுப்பகுதி முறுக்கி எதிர்க்கும். அந்த மெத்தை நைந்திருந்தால் எந்த ஷாக் அப்சார்பர் போட்டாலும் முன்பக்கம் மிதக்கும். உயரம் குறைக்கப் பட்டையை வளைவு மாற்றி அடிக்கக் கொடுங்கள். வெறும் பட்டையை எடுத்துவிட்டுக் குறைப்பது வேண்டாம், அது கீழ் ஆர்ம் என்பதை மறக்கக் கூடாது. கேம்பரும் (சக்கரம் உள்ளே-வெளியே சாயும் கோணம்) கேஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சு முன்-பின் சாயும் கோணம்) மேல் ஆர்ம் பாடியோடு சேரும் இடத்து ஷிம்களால். முன்னால் ஒன்றரை டிகிரி நெகட்டிவில் தொடங்குங்கள். கிங்பின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் கிரீஸ்; ஆட்டம் இருந்தால் கேம்பர் அளவெல்லாம் கற்பனை.

பின்னால் செமி-டிரெய்லிங் ஆர்ம். இறக்கினால் தானாக நெகட்டிவ் கேம்பர் வரும். ஆனால் ஆக்சில் தண்டின் வெளி முனையில் ரப்பர் இணைப்பு இருக்கிறது. அதிகம் இறக்கினால் கோணம் கூடி, நல்ல டயரின் பிடியில் அது கிழியும். கார் தன் எடையில் நிற்கும்போது தண்டு ஏறக்குறைய நேராக இருக்கணும், அதுதான் எல்லை. பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து 2–3 மி.மீ. டோ-இன் (முன்முனை உள்நோக்கி). டோ-அவுட் ஆனால் பின்னால் இன்ஜின் தொங்கும் 1840 மி.மீ. வீல்பேஸ் கார் எப்படிச் சுழலும் என்று விளக்கத் தேவையில்லை. ரிம் வாங்கும்போது 4 × 190 போல்ட் வட்டம் (190 மி.மீ. வட்டத்தில் 4 போல்ட்) என்பதைப் பாருங்கள்.

பிரேக்: டிஸ்க் உங்கள் படிவத்தில் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் 170 மி.மீ. டிரம்மோடு வாழலாம், 500 கிலோ சொச்சம்தானே கார். லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு ஏற்பக் கிரைண்ட் செய்து ஒட்டணும், அப்படியே மாட்டினால் நடுவில் மட்டும் தொடும். பெடல் சொல்வதைக் கேளுங்கள். பெடல் கெட்டியாக இருந்து கார் நிற்காவிட்டால் லைனிங் சூடேறிவிட்டது, வேறு தர லைனிங் வேண்டும். பெடல் நீளமாகி, ஒருமுறை பம்ப் செய்தால் மேலே வந்தால் டிரம் சூட்டில் விரிந்திருக்கிறது, அட்ஜஸ்ட்மென்ட் நெருக்கணும். பெடல் பஞ்சு மாதிரி ஆனால் திரவம் கொதிக்கிறது. அசல் ஒற்றைச் சுற்று பிரேக். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போயிற்று. ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதிதாக, பேரம் பேசாமல்.

ஸ்க்ரூட்டினி

பெட்ரோல் டேங்க்கும் பேட்டரியும் முன்னால், ஓட்டுநரின் காலுக்கு நேர் முன்னே. டாஷ்போர்டுக்கும் டேங்க் அறைக்கும் நடுவில் உள்ள ஓட்டைகளை உலோகத் தகட்டால் அடையுங்கள், கேபிள் போகும் துளைகள் உட்பட. பேட்டரி இறுக்கிக் கட்டி, பாசிட்டிவ் முனை மூடியிருக்கணும். மெயின் சுவிட்ச் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எட்டணும். ரோல் கேஜ், சீட், பெல்ட், தீயணைப்பான் எல்லாவற்றிலும் தேதி முத்திரை பார்ப்பார்கள். எஃப்டி3 ரக ஃப்யூல் செல்லுக்கு 5 வருடம். டைனமோ காரில் ஒரு பொறி இருக்கிறது: மெயின் சுவிட்ச்சை அணைத்தாலும் ஓடும் இன்ஜின் டைனமோவின் மின்சாரத்தில் தொடர்ந்து ஓடலாம். இக்னிஷன் கம்பியையும் அதே சுவிட்ச் வெட்டணும், பரிசோதகர் இன்ஜினை ஓடவிட்டுத்தான் சோதிப்பார்.

நத்தைக்கார்

என் பட்டியலில் ஒன்றுகூட மிஞ்சவில்லை போல. அப்படியானால்: படிவம், பாதுகாப்பு, பிரேக், காற்று வழி, சம்ப்பும் மூச்சுக்குழாயும், கிராங்க், பிறகு 595 கிட், 35/75. சரியா? முதல் ஓட்டத்துக்கு ஸ்பேர் என்ன எடுத்துப் போவது?

கிராங்க்கேஸ்

வரிசை சரி. முதல் நாள் 5500க்கு மேல் வேண்டாம். ஐந்து சுற்று, உள்ளே வா, ஆறவிடு, ஹெட் நட்டு, ஆயில் ஒழுகல், பிளக் நிறம். சம்ப் காந்த போல்ட்டில் சாம்பல் நிறப் பசை இயல்பு; ஆயிலில் பொன்னிறத் துணுக்கு கண்டால் வண்டியை டிரெய்லரில் ஏற்றிவிடுங்கள்.

பட்டறைக்காரர்

ஸ்பேர்: பெல்ட் ரெண்டு, ஷிம் ஒரு கைப்பிடி, பாயிண்ட் ஒரு செட், ரோட்டர், பிளக் நாலு (ரெண்டு ஒரு படி சூடானது, மழை பெஞ்சா), ஆக்சில் ரப்பர் இணைப்பு ரெண்டு, ஆக்சிலேட்டர் கேபிள், ஆயில் 4 லிட்டர். பெல்ட்டை முன்னாடியே ஒரு நாள் ஓட்டிப் பழக்கி எடுத்து வைங்க, புது பெல்ட் முதல் பத்து நிமிஷத்துலயே தளரும்.